எல்லாம் சரியாயிடுமா?

போன மாதம் என் அக்காவின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். டி.வி.யில் ஏதோ ஒரு சேனலில் வடதுருவத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு பனிக்கரடி, நடக்கத் தெம்பில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. பின்னணியில் சோகமாக வயலின். கொஞ்ச நேரம் பார்த்தவள், பட்டென்று டி.வி.யை அணைத்துவிட்டு, ‘‘எப்படியும் எல்லாம் அழியத்தானே போகுது தாத்தா? அப்புறம் எதுக்கு அதைப் படி, இதைப் படின்னு உயிரை வாங்கறாங்க?’’ என்றாள்.

கேள்வியில் பாதி, மறுநாள் இருந்த கணக்குப் பரீட்சை. அது எனக்குத் தெரியும். ஆனால், மீதிப் பாதி நிஜம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையேதான். ‘‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. எல்லாம் சரியாயிடும்!’’

மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்குப் பதிலாக இரண்டு மிட்டாயை எடுத்து நீட்டினால் எப்படிப் பார்ப்போம்? அப்படி ஒரு பார்வை பார்த்தாள். ‘‘சும்மா சொல்லாதீங்க தாத்தா’’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பொய்யா? குறையில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்று வள்ளுவர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையில் என் ‘சரியாயிடும்’ அடங்குமா? அடங்காது என்றுதான் படுகிறது. நான் சொன்னதால் அவளுக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. எனக்கு வேண்டுமானால், சங்கடமான ஒரு பேச்சிலிருந்து தப்பித்த நன்மை.

இதே சிக்கல் கதை எழுதுகிறவர்களுக்கும் உண்டு. பூமி சூடாகிக்கொண்டே போகிற காலத்தில், நல்லபடியாக முடிகிற ஒரு கதையை எழுதுவது நேர்மையா? அல்லது மிட்டாய் கொடுப்பதா? சமீப வருடங்களில் அப்படி எழுதுவதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதிலும் சிலர், வேண்டுமென்றே பனியும் குளிருமான இடங்களாகப் பார்த்துத் தங்கள் கதைகளை வைத்திருக்கிறார்கள். பதில் தேடி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். நீங்களும் வாருங்கள், ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடலாம். பனியைப் பற்றிப் பேச நமக்கு அதிகத் தகுதி கிடையாது. ஆறு பருவங்களில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தவர்கள்தான் நாம். ஆனால், அந்தப் பனி காலையில் புல் நுனியில் உட்கார்ந்து, எட்டு மணிக்குக் காணாமல் போகிற பனி. அண்டார்டிக்காவில் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாகக் கிடப்பதற்கும் அதே ‘பனி’தான். ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்த்த பனிப்பிரதேசம் ஃப்ரிஜ்ஜின் மேல் தட்டு.

பனி கொட்டுகிற ஊர்க்காரர்களின் கதைகளில் பனிதான் வில்லன். வடக்கு ஐரோப்பாவின் பழைய புராணத்தில் உலகம் அழிவதற்கு முன்னால், நடுவில் கோடையே இல்லாமல் அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்கள் வரும். ஆண்டர்சன் 1844-ல் எழுதிய பனி ராணி கதையில், ஒரு பையனின் இதயம் உறைந்துபோகிறது. அவன் தோழியின் கண்ணீர் பட்டதும் உருகுகிறது. நார்னியாவில் சூனியக்காரி பிடித்து வைத்திருக்கும் குளிர்காலம் உடைந்து, பனி உருகி ஓடையில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால், நல்லவர்கள் ஜெயிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். உங்கள் வீட்டுக் குட்டிப் பெண் நூறு தடவை பார்த்த ‘ஃப்ரோஸன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அன்பு ஜெயிக்கிறது, பனி உருகுகிறது, சுபம்.

பனி உருகினால் சுபம்! பல நூறு வருடங்களாக இதுதான் ஃபார்முலா.

இப்போது அது தலைகீழாகிவிட்டது. பனி உருகுவதுதான் துக்கச் செய்தி. இன்றைக்கு ஒருவர் குளிர்ப்பிரதேசத்தில் நம்பிக்கையான கதை எழுத வேண்டுமென்றால், அவருடைய கதாநாயகி ‘கடவுளே, இந்தப் பனி உருகாமல் இருக்கட்டும்’ என்று வேண்டிக்கொள்ள வேண்டும். மனிதன் எதைக் கண்டு காலகாலமாக நடுங்கினானோ, அதையே காப்பாற்றக் கிளம்பியிருக்கிறான். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விசித்திரமாக இல்லை?

சினிமா இந்த மாற்றத்தை லேட்டாகத்தான் கவனித்தது. 2004-ல் வந்த ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ ஞாபகம் இருக்கிறதா? கடல் நீரோட்டம் நின்றுபோய், சில நாட்களில் நியூயார்க்கே உறைந்துவிடும். நம் ஊரிலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அதில் ஒரு கூட்டம் நூலகத்தில் மாட்டிக்கொண்டு, குளிருக்குப் புத்தகங்களை எரிக்கும். எதை எரிப்பது என்று வாக்குவாதம் வரும்போது, வருமான வரிச் சட்டப் புத்தகங்கள் ஒரு பகுதி முழுக்க இருப்பது தெரியவரும். தியேட்டரில் நான் கை தட்டியது அந்த ஒரு இடத்துக்குத்தான்! 2013-ல் வந்த ‘ஸ்நோபியர்ஸர்’ இன்னும் கொடூரம். பூமியைக் குளிரவைக்கிறேன் பேர்வழி என்று வானத்தில் ஒரு ரசாயனத்தைத் தூவப் போக, உலகமே உறைந்து, மிஞ்சியவர்கள் ஓயாமல் ஓடும் ஒரு ரயிலுக்குள். பணக்காரர்கள் முன் பெட்டியில், ஏழைகள் கடைசிப் பெட்டியில். ரயில் கவிழ்ந்து, இரண்டு பேர் மட்டும் வெளியே வந்து பார்த்தால், தூரத்தில் ஒரு பனிக்கரடி நின்றுகொண்டிருக்கும். உயிரோடு.

அந்த ஒரு ஷாட்தான் படத்தின் மொத்த நம்பிக்கை. வசனமே கிடையாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இந்த மாதிரி அழிவுக் கதைகளாகவே வந்து குவிந்ததில் சலித்துப்போய்த்தான், சிலர் ‘சோலார்பங்க்’ என்று ஒரு வகையை ஆரம்பித்தார்கள். சூரிய சக்தி, பொதுச் சமையலறை, பழுது பார்க்கும் பட்டறை, அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் தோட்டம் என்று, பருவநிலை மாறிய உலகிலும் மனிதர்கள் எப்படியோ ஒழுங்காக வாழ்ந்துவிடுகிற கதைகள். இதில் சரேனா உலிபாரி என்ற அமெரிக்கப் பெண்மணி 2018-ல் கோடைக்காலக் கதைகளாக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். வெயில் இருந்தால் சோலார் வேலை செய்யும், அதிலென்ன கஷ்டம்? 2020-ல் அடுத்த தொகுப்பைக் குளிர்காலக் கதைகளாகவே கொண்டுவந்தார். சூரியன் சரியாக எட்டிப்பார்க்காத இடத்தில் சூரிய நம்பிக்கை! அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

குளிரில் ஒரு சௌகரியமும் உண்டு. அங்கே யாரும் தனியாகப் பிழைக்க முடியாது. விறகு வெட்ட ஆள் வேண்டும், கூரைப் பனியைத் தள்ள ஆள் வேண்டும், கோடையிலேயே குளிருக்குச் சேர்த்து வைக்க வேண்டும். நம்பிக்கைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கின்றன.

ஆனால், இந்த வகைக் கதைகளில் எனக்கு ஒரு வருத்தம். சிலவற்றில் எல்லாரும் ரொம்ப, ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள். கமிட்டி கூடுகிறது, பேசுகிறார்கள், ஒத்துப்போகிறார்கள். எழுதியவர்கள் நம் ஊரில் ஒரே ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்திருந்தால், அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். தண்ணீர் லாரிக்கு யார் பணம் கட்டுவது என்பதிலேயே அடிதடி ஆகிவிடும்.

அதனால்தான் கிம் ஸ்டான்லி ராபின்சன் எழுதிய ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்’ நாவலை எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் 2020-ல் வந்ததுதான். ராபின்சன் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்பவர் இல்லை. 1995-ல், எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அழைத்துப் போகும் அமெரிக்க அரசுத் திட்டத்தின் மூலம் அண்டார்டிக்காவுக்கே போய் வந்தவர். நாவல் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? நம் உத்தரப்பிரதேசத்தில். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த ஓர் அனல் அலை. கரன்ட் போய்விடுகிறது. ஜனங்கள் ஏரியில் இறங்குகிறார்கள். ஏரித் தண்ணீரும் கொதிக்கிறது. இரண்டு கோடிப் பேர் சாகிறார்கள். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அப்படி ஆரம்பிக்கிற நாவல்தான், ஐந்நூறு சொச்சம் பக்கங்கள் கழித்து, காற்றில் கரியமில வாயு குறைய ஆரம்பிப்பதில் போய் முடிகிறது. நடுவில் பாங்குகள், வரிகள், கோர்ட்டுகள், விமானங்களை வீழ்த்தும் தீவிரவாதிகள், விவசாயிகள், அகதிகள். அதில் ஒரு பகுதி அண்டார்டிக்கா.

அங்கே விஷயம் என்னவென்றால், கண்டத்தின் மேல் கிடக்கும் பனி சும்மா கிடப்பதில்லை. தன் எடையாலேயே மெதுவாகக் கடலை நோக்கி நகர்கிறது. அதனால்தான் அதற்குப் பனியாறு என்று பெயர். பல இடங்களில் அடிப்பக்கம் உருகிய தண்ணீர், பாறைக்கும் பனிக்கும் நடுவே புகுந்து வழவழப்பு ஏற்றிவிடுகிறது. குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீர் மாதிரி. வழுக்கல் கூடினால் வேகம் கூடும். அங்கே உள்ள த்வைட்ஸ் என்ற ஒரே ஒரு பனியாறு முழுவதும் கடலில் சேர்ந்தால், உலகம் முழுக்கக் கடல் மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும் என்கிறார்கள். பெசன்ட் நகரில் கடல் பார்த்த ஃப்ளாட் வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

நாவலில், விஞ்ஞானிகள் பனியில் அடிவரை துளை போட்டு, அந்தத் தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியே இறைக்கிறார்கள். தண்ணீர் போனதும் பனி மறுபடி பாறையில் உட்காருகிறது. வேகம் குறைகிறது. இடத்துக்கு இடம் குளறுபடி, விபத்து, பணத் தட்டுப்பாடு. இருந்தும் நடக்கிறது. படிக்கும்போது மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை. ஆனால், மோட்டார் போட்டுக் கிணறு இறைத்த ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு சந்தோஷம் இருந்தது.

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. என் நண்பர் ஒருவர், ரிட்டயர்டு இன்ஜினீயர், தண்ணி ஊற்றினார்.

‘‘சார், 2025 செப்டம்பர்ல துருவ விஞ்ஞானிகள் ஒரு பெரிய குழுவா சேர்ந்து ஒரு ஆய்வு போட்டாங்க. துருவப் பனியைக் காப்பாத்த முன்வைக்கிற அஞ்சு பெரிய ஐடியாக்களைத் துருவித் துருவிப் பார்த்திருக்காங்க. உங்க பம்ப் ஐடியாவும் அதுல ஒண்ணு. ஒண்ணுகூடத் தேறலை. நடைமுறைக்கு ஒத்துவராது, ஆபத்து, நேரமும் பணமும் வேஸ்ட்னு எழுதிட்டாங்க. இப்ப சொல்லுங்க, அந்தக் கதை நல்லதா, கெட்டதா?’’

நான் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தார். ‘‘பம்ப் வெச்சுப் பனியை நிறுத்திடலாம்னு ஒருத்தர் எழுதினா, அப்ப இன்னும் பத்து வருஷம் நிம்மதியா பெட்ரோல் எரிக்கலாம்னு நாலு பேர் நினைப்பான். உங்க நம்பிக்கைக் கதை எல்லாம் தூக்க மாத்திரை சார்!’’

நண்பருக்குத் துணையாக ஒரு பெரிய ஆளே உண்டு. கிரேக்கர்களின் பண்டோரா கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜாடியைத் திறந்ததும் நோய், துன்பம், கேடு எல்லாம் வெளியே பறந்துவிடுகின்றன. மூடியைப் போட்டபோது உள்ளே தங்கியது நம்பிக்கை ஒன்றுதான். நல்லவேளை, அதுவாவது மிஞ்சியதே என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நீட்ஷே அதைத் திருப்பிப் போட்டார். கேடுகளை அடைத்து வைத்த ஜாடியில் நம்பிக்கைக்கு என்ன வேலை? அதுவும் ஒரு கேடுதான். இருப்பதிலேயே மோசமான கேடு. ஏனென்றால், மனிதனின் அவஸ்தையை அது நீட்டித்துக்கொண்டே போகிறது என்றார்.

நான் நண்பரிடம் தோற்றுப்போனதாகத்தான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, ஒரு பழைய தமிழ் சினிமா காட்சி ஞாபகம் வந்தது. எந்தப் படம் என்று கேட்காதீர்கள், எல்லாப் படமும்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: ‘‘இருபத்து நாலு மணி நேரம் கழிச்சுதான் எதையும் சொல்ல முடியும்.’’ நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! ஆனால், அந்த வசனத்தில் பொய்யே கிடையாது. பிழைத்துவிடுவார் என்றும் சொல்லவில்லை, போய்விட்டார் என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? தம்பி ரத்தத்துக்கு ஓடுவான். அண்ணன் நகையை அடகு வைக்க ஓடுவான். அம்மா கோயிலுக்கு ஓடுவாள். ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் ‘ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ என்றிருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். ‘ஸாரி’ என்றிருந்தாலும் ஓட்டம் நின்றிருக்கும். இந்த இரண்டு வசனத்துக்கும் ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை பலன் ஒன்றுதான், கவனித்தீர்களா? என் பேத்தி ‘எல்லாம் அழியப் போகுது’ என்றதும், நான் ‘எல்லாம் சரியாயிடும்’ என்றதும் ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டுதான். அவள் பரீட்சைக்குப் படிக்க வேண்டாம் என்று முடிவு கட்டினாள். நான் அவளோடு பேச வேண்டாம் என்று முடிவு கட்டினேன்.

அப்படிப் பார்த்தால் ராபின்சன் நாவல் தூக்க மாத்திரை ஆகாது. அந்த முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு எவன் தூங்குவான்? பம்ப் ஐடியா தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கதையில் ஒவ்வொரு நல்லதுக்கும் யாரோ ஒருவர் பில் கட்டுகிறார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நண்பர் சொன்னது முழுக்க உண்மை. ‘பம்ப் இருக்கு, கவலையில்லை’ என்று நினைக்கிற அந்த நாலு பேர் இருக்கிறார்களே, அவர்கள் கதையைப் படித்தவர்கள் இல்லை, அட்டையைப் படித்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்கும் பயம் உண்டு. அதை நண்பரிடம் ஒப்புக்கொண்டேன்.

கதை கிடக்கட்டும், நிஜத்தில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். இருக்கிறார். நம் நாட்டிலேயே, லடாக்கில். செவாங் நோர்பெல் என்ற சிவில் இன்ஜினீயர், அரசாங்கத்தின் கிராம வளர்ச்சித் துறையில் வேலை பார்த்தவர். லடாக்கில் மழை வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஏறக்குறைய 1,400. அங்கே விவசாயம் என்பதே பனியாற்றுத் தண்ணீர்தான். அதிலும் ஒரு வில்லங்கம். விதைப்பது ஏப்ரல், மே மாதங்களில். ஆனால், ரொம்ப உயரத்தில் இருக்கும் பனியாறு உருகித் தண்ணீர் வருவது ஜூனில். குளிர்காலத்தில் ஓடை பாட்டுக்கு வீணாக ஓடிக்கொண்டிருக்கும். வேண்டும்போது வராது.

ஒரு குளிர்காலத்தில், உறைந்துபோய் வெடிக்காமல் இருப்பதற்காகத் திறந்தே விட்டிருந்த ஒரு குழாயை நோர்பெல் பார்த்தார். வழிந்த தண்ணீர், பாப்ளர் மர நிழலில் மெதுவாகத் தேங்கிய இடத்தில் மட்டும் கட்டியாக உறைந்து கிடந்தது. வேகமாக ஓடிய இடத்தில் உறையவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஓடைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி மலையின் நிழல் பக்கத்துக்குத் திருப்பி, சின்னச் சின்னக் கல்சுவர்கள் கட்டி வேகத்தைக் குறைத்தார். படலம் படலமாக உறைந்தது. ஊருக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருப்பதால் சரியாக விதைக்கும் சமயத்தில் உருகியது. 1987-ல் ஃபுக்சே என்ற கிராமத்தில் ஆரம்பித்த வேலை. 2015-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் சோனம் வாங்சுக் வந்தார். ‘நண்பன்’ படத்தில் விஜய் நடித்த பாத்திரத்துக்கு, அதன் இந்தி மூலத்தில் தூண்டுதலாக இருந்தவர் என்று பரவலாகச் சொல்வார்களே, அவர். படுத்துக் கிடக்கும் பனியை வெயில் சீக்கிரம் தின்றுவிடுகிறது என்று, 2013 வாக்கில் அவர் பனியை நிமிர்த்தி வைத்தார். மேட்டிலிருந்து பூமிக்கடியில் குழாய் போட்டுக் கொண்டுவந்தால், தண்ணீர் தன் மட்டத்துக்கு ஏற முயற்சி செய்து தானே பீய்ச்சி அடிக்கும். மோட்டார் தேவையில்லை. ராத்திரிக் குளிரில், மைனஸ் இருபது டிகிரியில், அது கீழே விழுவதற்குள் உறைந்து, கூம்பாக வளர்கிறது. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, உள்ளே சரக்கு அதிகம். பார்க்க பௌத்த ஸ்தூபம் போல இருப்பதால் பனி ஸ்தூபம் என்று பெயர். ஃபியாங் கிராமத்தில் கட்டியபோது மாலையும் பிரார்த்தனையுமாக பிட்சுகள் வந்தார்கள்.

இதையும் மிட்டாயாக நீட்டக் கூடாது. குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் தண்ணீர்த் தகராறு வந்தது. (அசோசியேஷன் மீட்டிங்!) எல்லாவற்றுக்கும் மேலே, அசல் பனியாறே இல்லாமல் போய்விட்டால், ஓடையில் தண்ணீர் ஏது, ஸ்தூபத்துக்குப் பனி ஏது? நோர்பெல் பனியாற்றைக் காப்பாற்றவில்லை. ஒரு விதைப்பைக் காப்பாற்றினார். அடுத்த வருடம் இன்னொரு விதைப்பு. ஏப்ரலில் விதைத்தாக வேண்டிய விவசாயிக்கு, ‘எல்லாம் போச்சு’ என்று பெருமூச்சு விட அவகாசம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வசதி நகரத்து சோபாக்காரர்களுக்குத்தான்.

அந்த மலைப்பக்கத்திலேயே, பாகிஸ்தான் வசம் இருக்கும் பால்டிஸ்தானில் இன்னும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பனியாறுகளில் ஆண், பெண் என்று பார்த்து, இரண்டிலிருந்தும் பனிக்கட்டிகளை வெட்டி, முதுகில் சுமந்துபோய், மலையில் ஓர் இடத்தில் சேர்த்துப் புதைத்து மூடுவார்கள். கல்யாணம்! குழந்தையாக ஒரு புதுப் பனியாறு பிறந்து வளரும் என்பது நம்பிக்கை. அதன் பலனை நட்டவர்கள் தங்கள் ஆயுளில் முழுசாகப் பார்க்க மாட்டார்கள். யாருக்காகச் சுமந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐஸ்லாந்தில் ஓக் என்று ஒரு மலை. அதன் மேலிருந்த பனியாறு, தன் எடையில் தானே நகரும் அளவுக்குக்கூடப் பருமன் இல்லாமல் மெலிந்துபோனது. நகராவிட்டால் அது பனியாறு இல்லை. 2014-ல் ‘செத்துவிட்டது’ என்று அறிவித்தார்கள். 2019 ஆகஸ்டில் நிறையப் பேர் மலை ஏறிப்போய், ஒரு பாறையில் தாமிரப் பட்டயம் பதித்தார்கள். அந்த நாட்டுப் பிரதமரும் அந்த அஞ்சலியில் கலந்துகொண்டார். பட்டயத்தின் வாசகத்தை எழுதியவர் ஒரு கதாசிரியர், ஆண்ட்ரி ஸ்னைர் மக்னசோன். வருங்காலத்துக்கு எழுதிய கடிதம் அது. அடுத்த 200 ஆண்டுகளில் எங்கள் எல்லாப் பனியாறுகளும் இதே வழியில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். செய்தோமா இல்லையா என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியும் என்கிற அர்த்தத்தில் நாலைந்து வரி. கீழே அன்றைய காற்றில் இருந்த கரியமில வாயுவின் அளவு, 415 பிபிஎம்.

நான் படித்த குளிர்ப்பிரதேசக் கதைகளிலேயே சின்னது இதுதான். முடிவை எழுதாமல் விட்டிருக்கிறார். சுபமா, சோகமா என்று சொல்லவில்லை. ஆனாலும், அதைப் படிக்க ஒருவர் அங்கே வந்து நிற்பார் என்று நம்பி எழுதியிருக்கிறார், இல்லையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அக்கா வீட்டுக்குப் போனேன். பேத்தியைக் கூப்பிட்டு, ‘‘அன்னிக்கு நான் உன்கிட்ட சொன்னது பொய்’’ என்றேன். திடுக்கிட்டுப் பார்த்தாள். பெரியவர்கள் இந்த மாதிரி ஆரம்பித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

2023 ஜனவரியில் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வந்த கணக்கைச் சொன்னேன். துருவத்தின் பெரும் பனிப்பரப்புகளை விட்டுவிட்டு, உலகத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் பனியாறுகள் இருக்கின்றன. பூமியின் சூட்டை ஒன்றரை டிகிரி உயர்வோடு நிறுத்திவிட்டாலும், இந்த நூற்றாண்டு முடிவதற்குள் எண்ணிக்கையில் நூற்றுக்கு நாற்பத்தொன்பது போய்விடும். அது போனது போனதுதான். நாலு டிகிரி வரை விட்டால் எண்பத்து மூன்று போகும். 2024-ல் முதல் தடவையாக ஒரு முழு வருடத்தின் சராசரி ஒன்றரையைத் தாண்டிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. ஒரு வருஷம் தாண்டினால் நிரந்தரமாகத் தாண்டியதாக ஆகாது, ஆனால் நல்ல சகுனமும் இல்லை என்றேன்.

பேசாமல் இருந்தாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குக் கவலை. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘‘குழந்தைகிட்ட என்னடா பேசறே?’’ என்று முறைத்தாள்.

‘‘முப்பத்து நாலு’’ என்றாள் பேத்தி.

‘‘என்னது?’’

‘‘எண்பத்து மூணுல நாப்பத்தொம்பது போனா முப்பத்து நாலு. நூத்துக்கு முப்பத்து நாலு இன்னும் முடிவாகலை. அப்படித்தானே?’’

அப்படித்தான் என்றேன். அப்புறம் ராபின்சன் கதையைச் சொன்னேன். உத்தரப்பிரதேசத்தைக் கொஞ்சம் சுருக்கி, பம்ப்பை விவரமாக. அது தேறாது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டதையும் சேர்த்தே சொன்னேன். நோர்பெல் பார்த்த குழாயைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

‘‘தாத்தா, அந்த அண்டார்டிக்கா பம்ப்புக்கு கரன்ட் எங்கேருந்து வருது?’’

‘‘அது வந்து...’’

‘‘டீசல்னா வேஸ்ட். அங்கே ஆறு மாசம் ராத்திரி, சோலாரும் ஆகாது. காத்து அடிக்குமா அங்கே?’’

‘‘பயங்கரமா அடிக்கும்.’’

‘‘எவ்வளவு ஸ்பீடுல?’’

எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ‘‘நானே பார்த்துக்கறேன்’’ என்று எழுந்து உள்ளே போனாள்.